இரண்டு மணிக்கு மேல் மேடு ஏறாதவர்

பத்து மணிக்குத் தொடங்கும் காலைக் கூட்டம் பத்து இருபதுக்கு முடியும் என்று அவர் நோட்டீஸ் போர்டில் எழுதி வைத்திருந்தார். பத்து இருபதுக்கு எழுந்து போய்விடுவார், யார் பேசிக்கொண்டிருந்தாலும். ஒருமுறை முதலாளி "அதனால நாம எல்லாரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மணி பத்து இருபது ஆனது. அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், முதலாளிக்கு ஒரு கும்பிடு வைத்தார், கீழே போய்விட்டார். மிச்ச வாக்கியத்தை முதலாளி எங்களைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு இப்போது நினைவில்லை.

அது பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனி. குழந்தைகள் துணி தைத்து ஏற்றுமதி செய்தோம். நான் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதை உள்ளே சொல்வதும், உள்ளே நடப்பதில் சொல்லக்கூடியதை மட்டும் அவர்களுக்குச் சொல்வதும் என் வேலை. அவர் பிளானிங். ஆர்டர் எந்தத் தேதியில் கப்பலேற வேண்டும் என்று நான் சொன்னால், அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார். பேக்கிங் எப்போது முடிய வேண்டும், அதற்கு முன் அயர்ன், அதற்கு முன் தையல், கட்டிங், சாயம், நிட்டிங். எண்ணி முடிக்கும்போது நூல் எந்தக் கிழமை வந்து இறங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பல சமயம் அந்தக் கிழமை ஏற்கெனவே போயிருக்கும். அதையும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்வார்.

"நூலு போன செவ்வாக்கெழமையே வந்திருக்கோணுமுங்க."

எல்லோரும் அவரைப் பிளானிங் அண்ணன் என்றார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று எழுதாமல் போனால் எடுப்பதற்கு இன்னொன்று. அவர் ஓடியோ, வேகமாக நடந்தோ நான் பார்த்ததில்லை. அவசரப்பட வேண்டிய நேரம் வருவதற்குள் அவர் நிறுத்திவிடுவார். அதுதான் விஷயம். ஒரு நேரம் குறித்தால், அந்த நேரம் வந்ததும் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிடுவார். முடிந்ததா முடியவில்லையா என்பது வேறு கேள்வி.

ஒரு மே மாதம் ஸ்டாஃப் எல்லோரும் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். இரண்டு வேன், பொறுப்பு அவரிடம். பூங்காவிலிருந்து நாலரைக்குக் கிளம்புவோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நாலரைக்கு எல்லோரும் வேனில் இருந்தோம், இரண்டு பேரைத் தவிர. அவருடைய மனைவியும் மகளும் வர்க்கி வாங்கப் போயிருந்தார்கள். அவர் மணியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேனுக்குள் பெரிய கூச்சல் எழுந்தது. அவர் போனை எடுத்து, வண்டி கிளம்பிவிட்டது, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

வழியெல்லாம் நாங்கள் டீக்கும் படம் எடுக்கவும் நின்று நின்று இறங்கினோம். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்கா மகளோடு பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தார். வந்து இருபது நிமிஷம் ஆகிறதாம். வேனில் ஏறி, பொட்டலத்திலிருந்து அவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கித் தின்றார். சண்டை வரும் என்று திருப்பூர் வரை காத்திருந்தோம். வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைத் துணியில் ஊசித் துண்டு கிடந்துவிடக்கூடாது. தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிவைப்பார்கள். எல்லாம் சேர்ந்து முழு ஊசி ஆனால்தான் மறுபடி மிஷின் ஓடும். ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். நாலேகாலுக்கு ஓர் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. அந்த மிஷினைச் சுற்றியிருந்த இருநூற்று நாற்பது பீஸையும் ஒதுக்கி, காந்தம் வைத்துத் தேடினோம். ஆறு மணி ஆனதும் பிளானிங் அண்ணன் அந்த இருநூற்று நாற்பது இல்லாமலே கன்டெய்னர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். முதலாளியின் மகன் போனில் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே நன்றாகக் கேட்டது. இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாங்க" என்றார்.

ஊசி முனை மறுநாள் காலையில் கிடைத்தது. தைத்த பெண்ணின் செருப்படியில் குத்திக்கொண்டிருந்தது. ஒதுக்கிய துணி அத்தனையும் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. அவர் முனையை நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பைக்கில் மலைக்குப் போகும் யோசனை அவருடையதல்ல, எங்கள் கட்டிங் மாஸ்டருடையது. மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர், எதற்கும் முதலில் கை தூக்குகிறவர். போனில் யாரோ பனிமலையில் வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒருவாட்டி போயிட்டு வந்துருவோம்ணே, மூணு பேரும்" என்று டீக்கடையில் அவரிடமும் என்னிடமும் சொன்னார். போய்விடலாம் என்று நானும் சொன்னேன். அந்த டீக்கடையிலிருந்து நாங்கள் அந்தமானுக்கும் நேபாளத்துக்கும் ஏற்கெனவே போயிருக்கிறோம். கிளாஸைத் திருப்பிக் கொடுத்ததும் ஊர் வந்து சேர்ந்துவிடுவோம்.

மறுநாள் காலையில் பிளானிங் அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"எந்த வருஷமுங்க தம்பி?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மலைக்கு என்றார். அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அங்கே ஜூன் மாதம்தான் ரோடு திறக்குமாம், ஜூன் இரண்டாவது வாரம் என்று போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கிளம்பிவிட்டோம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

கட்டிங் டேபிளில் துணிக்கு மேல் விரிக்கிற, வெட்டும் அளவு வரைந்த மார்க்கர் பேப்பர் ஐந்தாறு மீட்டர் நீளம் இருக்கும். பழையது ஒன்றின் பின்பக்கத்தில் அவர் வழியை வரையத் தொடங்கினார். சாப்பாட்டு நேரத்தில் டேபிள் காலியாக இருக்கும்போது விரிப்பார். ஒரு முனையில் திருப்பூர், மறுமுனையில் இமாச்சலத்தில் ஸ்பிட்டிப் பக்கத்து மலையில் ரோடு முடிகிற ஒரு கிராமம். அவர் அந்தக் கிராமத்திலிருந்துதான் தொடங்கினார். நானும் மாஸ்டரும் திருப்பூர் முனையில் நின்றுகொண்டு அவர் வந்து சேரக் காத்திருந்தோம். அவர் நாக்பூர் வருவதற்கே இரண்டு மாதம் ஆனது.

புத்தகத்திலும் போனிலும் இருப்பதை அவர் நம்பவில்லை. டெல்லிக்குச் சரக்கு ஏற்றிப்போகிற லாரி டிரைவர்களை மடக்கிக் கேட்டார். லீவு நாட்களில் காதர்பேட்டைக்குப் போய்ப் பனியன் கடைகளில் நின்றார். அங்கே எல்லா ஊரிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பேரம் முடிகிறவரை ஓரமாக நின்றுவிட்டு, உங்கள் ஊருக்கு ரோடு எப்படி என்று கேட்பார். அப்படிக் கிடைத்தவர்தான் இமாச்சலத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை குழந்தை பனியன் வாங்க வருகிற ஒரு வியாபாரி. இரண்டு டீ குடிக்கும் நேரத்தில் பாதி வழியைச் சொன்ன அவர், மீதிக்கு ஒரு போன் நம்பரும் கொடுத்தார். அந்தக் கிராமத்தில் இருக்கும் அவருடைய அத்தை நம்பர். வழிப்போக்கர்களுக்கு வீட்டில் அறை கொடுக்கிறவர்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் அந்தம்மாளுக்குப் போன் செய்தார். பத்து நிமிஷம். படம் தெரியப் பேசுவதற்கு அந்த ஊரில் நெட் கிடையாது, குரல் மட்டும்தான் வரும். இவருடைய இந்தி எங்கள் பீகார் டெய்லர்களிடம் கற்றுக்கொண்டது. அந்தம்மாளுக்கும் தாய்மொழி வேறு. இருவருக்கும் இந்தி இரவல் என்பதால் ஒருவர் பிழை இன்னொருவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை எங்களுக்குச் செய்தி வரும். பனி கதவு வரைக்கும் ஏறியிருக்கிறது. பட்டாணி விதைத்திருக்கிறார்கள். பேரனுக்கு ஆறு வயது முடிந்தது. கழுதைக்குக் கால் சரியில்லை. இதையெல்லாம் மார்க்கர் பேப்பரில் அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிவைப்பார். கழுதை எங்கள் வழியில் வராதே என்று மாஸ்டர் கேட்டதற்கு, அடுத்த மாதம் விசாரிக்க வேண்டுமே என்றார். பேரனுக்கும் அந்தம்மாளுக்கும் சாம்பிள் பிரிவில் மிஞ்சிய கனமான மேல்சட்டைகளை அனுப்பினார். போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆனது. அந்தம்மாளுக்கு, கைக்கு வராமல் போன பெரியவர் ஆர்டர் ஒன்றுக்குத் தைத்த எக்ஸ்எல். உயரம், பருமன் எதுவும் தெரியாததால், சட்டைக்கு மேல் போடுவதற்குச் சரியாக இருக்கும் என்று யோசித்து வைத்தாராம்.

இரண்டு மணிக் கணக்கு அந்தம்மா சொன்னதுதான். ஊருக்குப் பதினொரு கிலோமீட்டர் முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஓர் ஓடை. காலையில் கணுக்கால் தண்ணீர். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். அதனால் இரண்டு மணிக்கு மேல் மேலே வராதே என்றிருக்கிறார். அவர் அதை அந்த ஓடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மலை முழுவதற்கும் விதியாக்கிவிட்டார். மார்க்கர் பேப்பரில் பட்டை எழுத்தில் எழுதினார்: இரண்டு மணிக்கு மேல் மேடு ஏறக் கூடாது.

மொத்தம் பதினேழு நாள். போக எட்டு, வர எட்டு. வெள்ளிக்கிழமை கிளம்பி, பதினாறாம் நாள் சனிக்கிழமை வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே "வெறும் நாள்" என்று எழுதியிருந்தார். வண்டி கெட்டால், மழை வந்தால், உடம்பு முடியாமல் போனால் அந்த நாள். மற்றபடி அதைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, குறித்த வெள்ளிக்கிழமை, குறித்த ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். மாஸ்டர் இதற்கென்றே பெரிய வண்டி எடுத்திருந்தார். நான் மச்சினனிடம் ஒன்று வாங்கியிருந்தேன். அவர் தினமும் கம்பெனிக்கு வருகிற அதே நூற்றிருபத்தைந்து சிசி வண்டியில் வந்தார். அதில் அவர் அறுபதுக்கு மேல் போகமாட்டார், அதனால் நாங்களும் போகவில்லை.

மூன்றாம் நாள் நாக்பூருக்கு முன்னால், அனல் தாங்காமல் ரோட்டோரத்தில் நான் ஜூஸ் குடித்தேன். ஐஸ் போட்ட எதையும் தொடக்கூடாது என்று அவர் எழுதியே கொடுத்திருந்தார். நாலாம் நாள் முழுவதும் நாக்பூர் லாட்ஜில் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக அலைந்தேன். மாஸ்டர் ஊர் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கொரு தரம் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்தார். சாயங்காலம் பையிலிருந்து நாள் கணக்கு எழுதிய தாளை எடுத்து, வெறும் நாள் என்ற இடத்தில் ஒரு கோடு அடித்து, மடித்து உள்ளே வைத்ததை மட்டும் பார்த்தேன். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் அந்த மலை. இரண்டு வருஷமாகக் கட்டிங் டேபிளில் பார்த்த ஒவ்வொரு திருப்பமும் அதனதன் இடத்தில் இருந்தது. எனக்கும் மாஸ்டருக்கும் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் படம் எடுத்தோம். அவர் ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்காக நின்றார். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்றேகாலுக்கு ஒரு தடவை, "போலாமுங்களா" என்று கேட்டார். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஓடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. கண்முன்னே ஒரு பிக்கப் வண்டி கடந்து போனது. மாஸ்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தயாரானார். பிளானிங் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"ரெண்டு பத்துங்க" என்றார்.

"பத்து நிமிஷந்தானுங்கண்ணா" என்றேன்.

"ஆமாங்க, பத்து நிமிஷம்."

மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்தாயிற்று, இன்னும் பதினொன்று என்று நான் சொன்னேன். ஆமாங்க என்றார். அந்தம்மா அவருக்காகத்தானே காத்திருப்பார் என்றேன். அதற்கும் ஆமாங்க என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மலைக்கு வந்தும் கம்பெனி நோட்டீஸ் போர்டா என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"நீங்க போறதுன்னா போங்க தம்பி. மூணு பேருக்குச் சோறு சொல்லியிருக்குது. நான் கீழ தாண்டி வந்த ஊர்ல இருக்கறேன்."

நாங்கள் போனோம். நடுவில் என் வண்டி ஒரு தடவை சறுக்கியது, அவ்வளவுதான். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஏறிவிட்டதைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மூன்றேகாலுக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தம்மாளின் மருமகள் வந்து உள்ளே கூட்டிப்போனாள். இரும்பு அடுப்பின் பக்கத்தில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார், எங்கள் கம்பெனி மேல்சட்டையோடு. எதிரே மூன்று தட்டு. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், இரண்டு மணி தாண்டிவிட்டதால் ஓடையோடு திரும்பிவிட்டார் என்று சொன்னேன். அந்தம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். அவர் செய்ததுதான் சரி, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

எங்களுக்குச் சோறும் பருப்பும் போட்டார். எங்களிடம் அதிகம் பேசவில்லை. பேசுவதற்கு எங்களுக்கும் எதுவும் தெரியாது. கழுதையைப் பற்றிக் கேட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. வெளிச்சம் இருக்கும்வரை வெளியே நின்று மலையைப் படம் எடுத்தோம். காலையில் கிளம்பும்போது மருமகள் ஒரு துணிப்பொட்டலம் கொண்டுவந்து கொடுத்து, அவருக்கு என்றாள்.

கீழ் ஊரில் டீக்கடை வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணி இருக்கும். நான் வண்டியை நிறுத்தியதும் முதலில் சொன்னது, இப்போது தண்ணீர் இல்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்பதுதான். இரவெல்லாம் அதை யோசித்து வைத்திருந்தேன்.

"போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரமுங்க. அந்தம்மா சாப்பிடாம உடமாட்டாங்க. பதினொன்னு ஆயிரும். பொறவு இன்னைக்குத் தாண்ட வேண்டிய மேட்டுக்கு ரெண்டு மணிக்குள்ள போக முடியாதுங்க."

"ஒரு நாள் தள்ளிப் போனா என்னங்கண்ணா?"

"வெறும் நாளு முடிஞ்சுபோச்சுங்களே" என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நூல் போன செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டும் என்று சொல்வாரே, அதே குரல்.

பொட்டலத்தில் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கையால் பின்னிய ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் இருந்தன. காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் பின்னலைப் பார்த்தார். திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வோம். பின்னல் ஒரே சீராக இருக்கிறது என்றார். அப்புறம் அந்தம்மா படம் எடுத்தீர்களா என்று கேட்டார்.

என் போனில் இருநூறு படத்துக்கு மேல் இருந்தது. மலை, வண்டி, நான், மாஸ்டர், வண்டியோடு மாஸ்டர், பனியில் குதிக்கிற மாஸ்டர். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரே ஒரு படத்தில் ஓரமாக ஒரு கை தெரிந்தது, கெட்டிலைப் பிடித்துக்கொண்டு. அதைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தார். கிளம்பும் நேரம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பூர் வந்தோம். திங்கட்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் அவர் இருந்தார். மலை எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம், பதினொரு கிலோமீட்டருக்கு முன்னால் திரும்பிவிட்டேன் என்று சொன்னார். மாஸ்டர் வீடியோவைக் காட்டிக்கொண்டு எல்லாப் பிரிவுக்கும் போனார். கொஞ்ச நாளைக்குக் கம்பெனியில் பிளானிங் அண்ணனுக்குப் பெயர் பதினொன்று. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அந்த அக்காவிடம், வெறும் நாளை நான்தான் தின்றுவிட்டேன், இல்லாவிட்டால் அவர் போய்ப் பார்த்திருப்பார் என்றேன். திங்கட்கிழமை வந்தே ஆக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாரா என்றும் கேட்டேன். அக்கா எனக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஆரும் சொல்லலீங்க. மொதலாளி இன்னும் பத்து நாளு சேத்தி எடுத்துக்கன்னுதான் சொன்னாராம். திங்கக்கெழமைங்கறது அவுங்களா போட்டுக்கிட்டதுங்க."

எதற்கு என்றேன்.

"வர்ற தேதியப் போடாம அவுங்களால கெளம்பவே முடியாதுங்க. கல்யாணத்துக்கு எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே அஞ்சு மணிக்குக் கெளம்பறோம்னு சொல்லிட்டுத்தான் உள்ள வந்தாங்க."

அடுத்த ஜூனில் மறுபடி போகலாம் என்று அண்ணன் சொன்னார். அந்த வருஷம் மலை சரிந்து ரோடு அடைபட்டது. அதற்கடுத்த வருஷம் ஊரடங்கு. நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். மாஸ்டர் ஊருக்கே போய்விட்டார். அண்ணன் அருள்புரம் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான், பேச்சு விட்டுப்போனது.

போன மாதம் பல்லடம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றபோது முன்னால் அந்தப் பழைய வண்டியைப் பார்த்தேன். அவர்தான். தலை நரைத்திருந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டு, காற்றடிக்கும் இடத்தில் ஓரமாக நின்றோம். மகள் காலேஜ் முடித்துவிட்டாள், அக்கா நன்றாக இருக்கிறார். மலைக்கு மறுபடி போனீர்களா என்று கேட்டேன்.

"போனேனுங்க தம்பி. போன ஜூனு. பதினொன்னரைக்கே ஊருக்குப் போயிட்டேனுங்க."

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தம்மாளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்றேன்.

"அவுங்க மார்ச்சுலயே தவறிப்போயிட்டாங்க. ஏப்ரல்ல போன் பண்ணுனப்ப மருமக சொன்னா."

இத்தனை வருஷமும் மாதாமாதம் பேசியிருக்கிறார். தெரிந்தேவா போனீர்கள் என்று கேட்டேன்.

"தேதி போட்டிருந்தேனுங்க" என்றார்.

போய், அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மருமகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். பேரன் இவர் உயரம் வளர்ந்துவிட்டானாம். அந்தம்மாளின் படம் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஆதார் அட்டையைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"நீங்க பாத்தீங்கல்லங்க தம்பி. அந்தம்மா உசரமுங்களா, குட்டைங்களா? அட்டையில மூஞ்சி மட்டுந்தானுங்க இருந்துச்சு. மருமககிட்டக் கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தம்மா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோறு போட்டபோதும் உட்கார்ந்தே போட்டார். ஒரு தடவையோ இரண்டு தடவையோ எழுந்திருப்பார். அப்போது நான் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குட்டைதானுங்கண்ணா" என்றேன்.

"அப்படீங்களா." கண்ணாடி துடைத்த துணியை மடித்தார். "போன்ல பேசறப்ப உசரமாத் தெரிஞ்சாங்க."

அப்புறம் மணியைப் பார்த்து, வரட்டுங்களா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் பல்லடம் பக்கம் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன். உயரம் என்றே சொல்லியிருக்கலாம்.